ஈரம் காயட்டும், தாயி

புதுக் குடித்தனம் போகிற பேத்திக்கு அப்பத்தா இன்னது சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாமியாரிடம் எப்படிப் பேச வேண்டும், சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்க வேண்டும், வெஞ்சனத்துக்கு எப்போது உப்புப் போட வேண்டும். அதையெல்லாம் உன் அம்மா சொல்லிவிட்டாள். மீதியைப் போனில் பார்த்துக்கொள்வாய். நான் சொல்ல வந்தது உன் அடுப்படியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் இரண்டு சாமான்களைப் பற்றி. ஒன்று ஏனம் விளக்குகிற நார், இன்னொன்று மேடை துடைக்கிற துணி. சிரிக்காதே. மிக்சி, கிரைண்டர், குக்கர் என்று சீர்வரிசையை எழுதி வாசித்தவர்கள் இந்த இரண்டையும் எழுதவில்லை. ஆனால் உன் வீட்டில் ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு டம்ளரையும் தொடுவது இவைதான்.

அழகர்மலை அடிவாரத்து ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக நடந்தவள் நான். கிடாரிப்பட்டி, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி என்று நான் ஏறி இறங்காத திண்ணை குறைவு. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்புவார்கள். தண்ணீரைப் பார், ஈயைப் பார், கை கழுவுகிறார்களா என்று பார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சரியான பாடம்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைக்கச் சொல்வேன். கரைத்ததைப் புகட்ட டம்ளர் கேட்பேன். அந்தப் பொண்ணு டம்ளரைக் கழுவுவாள். கழுவினதோடு விடமாட்டாள். நான் சுகாதாரத்துறை ஆள் இல்லையா, மரியாதை வேண்டாமா? அடுப்பு மேல் கிடக்கிற துணியை எடுத்து டம்ளருக்குள் விட்டு ஒரு திருகு திருகித் துடைத்து நீட்டுவாள். தண்ணீர் காய்ச்சியது, பொட்டலம் சர்க்கார் கொடுத்தது, நடுவில் அந்தத் துணி. காலையில் பால் பொங்கி வழிந்ததைத் துடைத்ததும், கறி நறுக்கின பலகையைத் துடைத்ததும், பிள்ளையின் மூக்கைத் துடைத்ததும் அதே துணியாக இருக்கும்.

அந்தத் துணிதான் அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு நோய்க்கு வழி பல. ஆனால் தண்ணீரைக் காய்ச்சப் பழகின வீடுகள்கூடத் துணியைக் காய்ச்சப் பழகவில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அழுக்குப் புத்தி இல்லை, சிக்கனம். என் ஆத்தா ஏனம் விளக்கினதை நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் மட்டையிலிருந்து ஒரு பிடி நார் கிழித்துக்கொள்வாள். அடுப்பிலிருந்து சாம்பல். பித்தளைக்குப் புளி. நார் இல்லாத நாளில் வைக்கோல். அங்கணத்தில் குந்திக்கொண்டு விளக்கி முடிப்பதற்குள் நார் கறுத்துவிடும். கறுத்ததைக் குப்பைக்குழியில் எறிவாள், மறுநாளைக்குப் புதுப் பிடி. சாம்பலில் இருக்கிற காரம் எண்ணெயைக் கூட்டிக்கொண்டு சவுக்காரம் மாதிரி வேலை செய்யும் என்பதோ, பழைய நாரில் கிருமி குடியேறும் என்பதோ அவளுக்குத் தெரியாது. நாருக்குக் காசு கிடையாது, எறிந்தாள், அவ்வளவுதான். முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று உன் போனில் ஒருத்தர் கண்ணை உருட்டிப் பேசுவார் பார், அதை நம்பாதே. சில நல்லது தற்செயலாகவும் நடக்கும்.

பிறகு சபீனாத் தூள் வந்தது. கம்பி நார் வந்தது, விம் கட்டி வந்தது. ஒருபக்கம் மஞ்சளும் ஒருபக்கம் பச்சையுமாக ஸ்பாஞ்சு வந்தது. எல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கின பொருள். காசு கொடுத்து வாங்கினதை நம் வீட்டுப் பொம்பளைகள் கிழிகிற வரை விடுவார்களா? பித்தளை அண்டாவைத் தலைமுறைக்கும், பட்டுச்சேலையைப் பேத்தி வரைக்கும் வைத்துப் பழகின கை அது. அதே கை ஸ்பாஞ்சையும் அப்படியே காப்பாற்றுகிறது. பச்சை நிறம் போய், மூலை பிய்ந்து, நடுவில் குழி விழுந்து, தொட்டால் வழுவழுவென்று ஆன பிறகும் ‘இன்னும் ரெண்டு நாள் வரும்’ என்று வைத்துக்கொள்கிறோம். ஓசியில் கிடைத்த நாரை அன்றன்றைக்கு எறிந்த குடும்பம், பத்து இருபது ரூபாய் ஸ்பாஞ்சை இரண்டு மாதம் வைத்திருக்கிறது. நல்ல குணம்தான், தப்பான பொருள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஸ்பாஞ்சுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்தவர்கள் உண்டு. ஜெர்மனியில் மார்கஸ் எகெர்ட் என்ற நுண்ணுயிரியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வீடுகளில் புழங்கின 14 ஸ்பாஞ்சுகளை வாங்கி ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். கிடைத்த பாக்டீரியா வகைகள் 362. சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், அதாவது உன் கட்டைவிரல் நுனி அளவுக்குள், 5,400 கோடி வரை அடைந்து கிடந்தன. எனக்கு ஆச்சரியம் அந்தக் கணக்கில் இல்லை. ஸ்பாஞ்சை அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்று சொன்ன வீடுகளிலும் கூட்டம் குறையவில்லை, பலவீனமானவர்களுக்கு நோய் கொடுக்கக்கூடிய வகைகளுக்கு நெருங்கிய இரண்டின் பங்கு அங்கே கூடுதலாகவே இருந்தது. கொல்லும்போது சாகாமல் தப்பினதுதானே காலியான இடத்தில் பெருகும். சுத்தம் செய்துகொண்டிருக்காதே, வாரம் ஒருமுறை மாற்றிவிடு என்று முடித்தார்கள்.

சோப்பிலேயே கிடக்கிற பொருளில் கிருமி எப்படி என்று உன் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பாத்திரச் சோப்பின் வேலை எண்ணெயையும் பிசுக்கையும் பிரித்து எடுப்பது. பிரிந்ததைத் தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும். தட்டிலிருந்து கொண்டுபோய்விடும், ஸ்பாஞ்சின் பொந்துக்குள் இருப்பதைக் கொண்டுபோகாது. அங்கே சோற்றுப் பருக்கையின் மாவு, குழம்பின் எண்ணெய், நாள் முழுக்க ஈரம், நம் மதுரைச் சூடு. இவ்வளவும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் இரண்டாகும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 2022இல் இன்னொன்று காட்டினார்கள். சிறிதும் பெரிதுமாக அறை அறையாகப் பிரிந்திருக்கிற அந்த அமைப்பே பாக்டீரியாவுக்கு வசதி. தனியாக வளர விரும்புகிற வகைக்கும் கூட்டமாக வளர விரும்புகிற வகைக்கும் அதில் இடம் இருக்கிறது.

அடுத்தது, ஸ்பாஞ்சை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் போதும் என்கிற உன் வைத்தியம். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2007இல் ஸ்பாஞ்சுகளைப் பலவிதமாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிளீச் கலந்த தண்ணீரில் மூன்று நிமிடம் ஊறினது, எலுமிச்சைச் சாற்றில் ஒரு நிமிடம் ஊறினது, வெறும் தண்ணீரில் ஊறினது, எல்லாவற்றிலும் செத்தது 37 முதல் 87 சதவீதம் வரைதான். 87 என்றால் முதல் வகுப்பு மார்க் மாதிரித் தெரியும். கணக்குப் போட்டுப் பார். நூற்றில் மீதி 13. இருபது நிமிடத்தில் 26, நாற்பதில் 52, ஒரு மணி நேரத்தில் 104. நீ டீ போட்டுக் குடித்துவிட்டு ஒரு சீரியல் பார்த்து வருவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. நனைந்த ஸ்பாஞ்சை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்ததில் ஏறக்குறைய எல்லாமே செத்தன. மைக்ரோவேவ் யோசனையைக் கேள்விப்பட்டு அங்கே சிலர் காய்ந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்துத் தீப்பிடிக்கவிட்ட கதையும் நடந்தது. உலோகக் கம்பி கலந்த நாரை அதில் வைக்கவே கூடாது. பத்து ரூபாய் சாமானைக் காப்பாற்றப் பத்தாயிரம் ரூபாய்ச் சாமானை ஏன் பணயம் வைக்கிறாய்? எறி.

எறிகிற வரைக்கும் எப்படி வைக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியம். உன் சிங்க் ஓரத்தில் ஒரு டப்பா இருக்கிறதே, விம் கட்டி அதில் பாதி கரைந்து கஞ்சியாக நிற்கிறது, அந்தக் கஞ்சிக்குள் ஸ்பாஞ்சும் கம்பி நாரும் ராவும் பகலும் முழுகிக் கிடக்கின்றன. முதலில் அந்த டப்பாவை எடு. அடியில் ஓட்டை உள்ள தட்டு ஒன்று வாங்கு. கழுவி முடித்ததும் நாரை ஓடுகிற தண்ணீரில் அலசி, பருக்கையை உதிர்த்து, கையால் பிழிந்து, காற்றுப் படுகிற மாதிரி நிமிர்த்தி வை. ஆணியில் மாட்டினால் இன்னும் நல்லது. ராத்திரி கடைசிக் கழுவலுக்குப் பிறகு இதைத் தவறவிடாதே. விடிய விடிய யாரும் தொடாத அந்த ஏழெட்டு மணி நேரம்தான் கிருமிக்குத் திருவிழா.

காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேக்காரர்கள் சான்று தருகிறார்கள். அங்கே நோஃபீமா என்ற உணவு ஆராய்ச்சி நிறுவனம் ஸ்பாஞ்சையும் கைப்பிடி வைத்த பாத்திரப் பிரஷ்ஷையும் ஒப்பிட்டது. பிரஷ் ஒரே ராத்திரியில் காய்ந்துவிட்டது, அதில் விட்ட சால்மொனெல்லா பெரும்பாலும் செத்துப்போனது. ஸ்பாஞ்சு ஈரத்தோடு இருந்தது, சால்மொனெல்லாவும் இருந்தது. குளிர் நாட்டிலேயே காய்கிற பிரஷ் நம் ஊரில் காயாதா? ஒரு பிரஷ் வாங்கி வை. அல்லது நான் இன்னும் செய்கிற மாதிரி தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும் வைத்துக்கொள். இழை இழையாகக் காற்று புகுந்துபோகும், சீக்கிரம் காயும், எறிய மனசும் வலிக்காது. ஆனால் நார் என்றதும் அது தன்னால் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஈரத்தில் போட்டுவைத்தால் தேங்காய் நாரும் அதே கதைதான். கம்பி நாரை அடிப்பிடித்த சட்டிக்கு மட்டும் வைத்துக்கொள். துருப்பிடித்து உதிரத் தொடங்கினால் அதைத் தூக்கிப் போடு. அந்தக் கம்பித்துண்டு சோற்றோடு தொண்டைக்குப் போனால் ஆஸ்பத்திரி வரைக்கும் இழுக்கும்.

இதற்காக அடுப்படிக்குள் போகவே பயந்துவிடாதே. ஸ்பாஞ்சில் கிடக்கிற கோடிகளில் பெரும்பாலானவை நல்ல உடம்பை ஒன்றும் செய்யாதவை. நம் தோலிலும் அவை இருக்கின்றன. கவனம் வேண்டியது கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசாளி, சர்க்கரை நோயாளி, புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறவர் இருக்கிற வீட்டில். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து பால் புட்டி என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால், அதற்குத் தனிப் பிரஷ், கழுவியதைக் கொதிக்க வைப்பது, இரண்டிலும் விட்டுக்கொடுக்காதே. அந்தப் புட்டிக்குள் வீட்டு ஸ்பாஞ்சு நுழையவே கூடாது.

நல்ல உடம்புக்காரனையும் படுக்கவைக்கிற ஒரு நாள் வாரத்தில் இருக்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை. கறி எடுத்துவருவார்கள், கோழியைக் குழாயடியில் அலசுவார்கள், சிங்க் முழுக்கத் தெறிக்கும். பச்சைக் கோழியில் சால்மொனெல்லாவும் கம்பைலோபாக்டரும் இருக்கலாம். கொதிக்கிற குழம்பில் அவை செத்துப்போகும். சாகாதது நறுக்கின பலகையிலும், அதைத் தேய்த்த ஸ்பாஞ்சிலும், சிந்தினதைத் துடைத்த துணியிலும் இருப்பது. அடுத்து அதே ஸ்பாஞ்சால் வெங்காயப் பச்சடிக் கிண்ணத்தை விளக்கினால் வேலை முடிந்தது. பலகைக்கும் அருவாமனைக்கும் ஒரு பிடி தேங்காய் நார், தேய்த்ததும் குப்பை. சிந்தின ரத்தத் தண்ணியையும் உடைந்த பச்சை முட்டையையும் பழைய செய்தித்தாளால் ஒற்றி எறிந்துவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீர். கவிச்சி வாடை போய்விட்டது என்பதற்காகக் கிருமி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

துணிக்கு வருவோம். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் 100 அடுப்படித் துண்டுகளை எடுத்துப் பார்த்ததை 2018இல் சொன்னார்கள். 49 துண்டுகளில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. வீட்டில் ஆள் கூடினால், பிள்ளைகள் இருந்தால், அது கூடியது. கை துடைக்க, ஏனம் துடைக்க, மேடை துடைக்க, சூட்டுப் பாத்திரம் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே துண்டாக இருந்ததிலும், ஈரமாகவே கிடந்ததிலும் ஈ.கோலை அதிகம். படித்ததும் எனக்குக் கள்ளந்திரி வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கடல் தாண்டினாலும் கரித்துணி கரித்துணிதான்.

உனக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. என் பெட்டியில் நைந்துபோன சுங்குடிச் சேலைகள் இருக்கின்றன. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன மதுரைச் சுங்குடியைவிடத் தண்ணீர் உறிஞ்சுகிற துணியை நான் பார்த்ததில்லை. கிழித்துத் தருகிறேன். ஆனால் ஏனம் துடைக்க மட்டும் தாத்தாவின் பழைய வேட்டி. வெள்ளை பொய் சொல்லாது. அழுக்குத் தெரியக்கூடாது என்று காப்பிக் கலரில் துணி வாங்குகிறார்கள், எனக்கு அந்த நியாயம் விளங்கவே இல்லை. கைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, ஏனத்துக்கு ஒன்று, இறக்கிவைக்கப் பிடிதுணி தனி. தரை துடைக்கிறது அடுப்படிக்குள்ளேயே இருக்க வேண்டாம். தினமும் ராத்திரி அன்றைக்குப் புழங்கினதைத் துவைக்கப் போட்டுக் காலையில் வேறு எடு. ஏனத்தைத் துணியால் துடைக்காமல் கூடையில் கவிழ்த்துத் தானாகக் காயவிட்டால் இன்னும் சிறப்பு.

பழைய சேலைக்கு ஒரு பெருமைக் கதையும் இருக்கிறது. வங்கதேசத்தில் காலரா பரவுகிற மத்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானி தலைமையில் 65 கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிகள்மேல் ஒட்டிக்கொண்டு வாழும். துவைத்துத் துவைத்து நூல் விரிந்த பழைய சேலையின் கண்கள் அந்தப் பூச்சிகளைப் பிடித்துவிடும். 2003இல் வந்த முடிவின்படி காலரா 48 சதவீதம் குறைந்தது. வடிகட்டின சேலையை என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? அலசி வெயிலில் காயப்போடச் சொன்னார்கள். அதைச் செய்யாவிட்டால் காலராவைத் தடுத்த துணியே காலராவைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

வெயில் நமக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் மாடியில் போட்ட துணி நீ இறங்கி வருவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். சிக்கல் ஐப்பசி கார்த்திகையில். தைலக்காப்புத் திருவிழாவுக்கு அழகர் மலையேறுகிற நாட்களில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் நாலு நாளைக்குத் துணி காயாது. உன் அடுக்குமாடி வீட்டிலோ வருசம் முழுக்க ஐப்பசிதான், பால்கனியில் வெயில் எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அப்போதுதான் அந்தச் சிக்கு வாடை வரும். துவைத்த துணிதான், நனைத்ததும் நாறும். 2012இல் ஜப்பானியர்கள் அந்த நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிடித்தார்கள், மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்று பெயர். ஜெர்மன் ஸ்பாஞ்சுகளிலும் இதுதான் முன்வரிசையில் இருந்தது. மற்ற பல பாக்டீரியாக்களைவிடக் காய்தலையும் புற ஊதாக் கதிரையும் இது கூடத் தாங்கும். அதனால் நாற்றம் பிடித்த துணியை வெயில் ஒன்றே மீட்டுத் தராது, கொதிக்கவைக்க வேண்டும். பழைய எவர்சில்வர் குண்டானில் துணி முழுகத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் சோடா உப்புப் போட்டு, பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடு. அலசிக் காயப்போடு. மழை நாளில் அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடு. அதற்கும் நாறினால் அந்தத் துணியின் ஆயுசு முடிந்தது. பிளீச் போட நினைத்தால் பாக்கெட்டில் எழுதின அளவு, ஜன்னல் திறந்து. வினிகரோ எலுமிச்சையோ கழிப்பறை ஆசிட்டோ அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

துணியைக் கொதிக்கவிடுவது நமக்குப் புதுசு இல்லை. சலவைத் தொழிலாளிகள் உவர்மண்ணில் தோய்த்து, பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்த வெள்ளாவிதான் அது. காரமும் நீராவியும் சேர்ந்தால் எந்தக் கிருமி நிற்கும்? பிரசவத் தீட்டுத் துணியையும் அம்மை வார்த்த வீட்டுத் துணியையும் சுமந்துபோய் வெளுத்துக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஊரின் சுகாதாரத்தை முதுகில் தூக்கினவர்களைத்தான் ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வாய் நிறைய ‘சுத்தபத்தம்’ என்று பேசுகிறவர்கள் இருந்த பல வீடுகளின் அடுப்படிக்குள்ளும் நான் போயிருக்கிறேன். உள்ளே யார் வரலாம், எதை யார் தொடலாம் என்பதற்கு நூறு சட்டம். அடுப்பு ஓரத்துத் துணிக்கு ஒரு சட்டமும் இல்லை. மடியாக உலர்த்தின துணி கொடியில் இருக்கும், அதைக் கட்டிக்கொண்டு சமைக்கிறவர் கையைத் துடைப்பது பிசுபிசுத்த கரித்துணியில். ஆளைத் தள்ளிவைக்கிற சுத்தத்தை நீ உன் வீட்டுக்குள் விடாதே. கிருமிக்குச் சாதி தெரியாது, ஈரம் மட்டும்தான் தெரியும்.

அழகருக்கு நூபுர கங்கைத் தண்ணீரில்தான் திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது ஐதீகம். மலையேறிப் போய் அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பக்தியைக் குறை சொல்ல நான் யார்? வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றுகிற டம்ளர் எதால் துடைக்கப்படுகிறது என்று மட்டும்தான் என் கண் போகும். தொழில் புத்தி.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை இறங்கும்போது வழி நெடுக, அப்பன்திருப்பதியிலிருந்து மூன்றுமாவடி தாண்டித் தல்லாகுளம் வரைக்கும் நீர்மோர்ப் பந்தலும் பானக்கமும் அன்னதானமும். இந்த மனசு வேறு எந்த ஊரில் வரும்? ஆனால் பழைய பந்தல்களில் நான் கண்டது, நாலு சில்வர் டம்ளர், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். குடித்த டம்ளரை அந்த வாளிக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்து அடுத்த ஆளுக்கு. மத்தியானத்துக்குள் அந்த வாளித் தண்ணீரே மோர் நிறம். ஊர் முழுக்க ஒரே ஸ்பாஞ்சைப் புழங்குவதுதான் அது. இப்போது காகிதக் கோப்பை வந்துவிட்டது, அன்னதானம் போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதியச் சொல்கிறார்கள். பதியச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, சாமி காரியத்துக்குச் சர்க்கார் அனுமதியா என்று. நான் சர்க்கார் பக்கம். ஒரு வீட்டுக் கரித்துணி நாலு பேரைப் படுக்கவைக்கும், ஒரு பந்தல் வாளி ஒரு தெருவையே படுக்கவைக்கும். சோற்றுக்கு வாழையிலை போடுகிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லை. அதைக் கழுவ நாரும் வேண்டாம், துடைக்கத் துணியும் வேண்டாம், சாப்பிட்டதும் மாட்டுக்கு.

பள்ளிக்கூடத்து அடுப்படியும் அப்படித்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி நம் மதுரையில்தான் தொடங்கியது. கிராமங்களில் சுய உதவிக்குழுப் பொம்பளைகள்தான் சமைக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, அரிசி பருப்பில் காட்டுகிற கண்டிப்பை நாரிலும் காட்டுங்கள் என்பதுதான். ஒரே துணி ஐம்பது தட்டைத் தொடுகிறது, ஐம்பதும் பிள்ளைகளின் தட்டு. துடைக்கவே வேண்டாம், கவிழ்த்துவிடுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார்கள்.

வேலைக்கு ஆள் வைக்கப்போவதாகச் சொன்னாய். வை, ஆனால் அந்தம்மா கையைப் பார். நாள் பூரா நாலு வீட்டு ஈரத்தில் கை ஊறினால் நகக்கண் வீங்கிச் சிவக்கும், நகச்சுற்று என்போம், ஈரம் காயாத வரை அது ஆறாது. கிழிந்த ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டு ஏனத்தில் பிசுக்கு இருக்கிறது என்று அவளை ஏசுகிற வீடுகள் எனக்குத் தெரியும். நார் வாங்க வேண்டியது வீட்டுக்காரி, விளக்குகிறவள் இல்லை. நல்ல பிரஷ்ஷும் காய்ந்த துணியும் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் அவளுக்காக எடுத்துவை.

மாப்பிள்ளைதான் ராத்திரி ஏனம் விளக்குகிறாராம், உன் அம்மா வாயைப் பிளந்துகொண்டு சொன்னாள். நல்ல பிள்ளை. ஆனால் விளக்கிவிட்டு ஸ்பாஞ்சைச் சிங்கிலேயே போட்டுவிட்டு வருகிற பழக்கம் ஆம்பளைகளுக்கு உண்டு, உன் தாத்தாவுக்கும் அதுதான். சனிக்கிழமை சனிக்கிழமை நார் மாற்றுகிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடு, மறுநாள் கறிக்கடைக்குப் போகிற காலையில் புது நார் தயாராக இருக்கும். ஆடிக்கு ரெண்டு பேரும் வரும்போது மட்டை உரித்து ஒரு பை நார் கட்டிவைக்கிறேன். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக உனக்கு வெட்கமாக இருந்தால் அதையும் மாப்பிள்ளை கையில் கொடு.